முதலாளியின் முழங்கால்

துறைமுகக் காவல் நிலையத்தில், ஆய்வாளர் முன்னிலையில், சமிக்ஞை அறைப் பணியாளர் தாமாக வந்து கொடுத்த வாக்குமூலம்.

பதிவேட்டில் உள்ள என் பெயரை முகப்பில் எழுதிக்கொண்டீர்கள். அந்தப் பெயரைச் சொல்லித் துறைமுகத்தில் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. கூண்டக்கா என்று கேட்டால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். வயது நாற்பத்தாறு. வலை பின்னுகிறவரின் மகள். திருமணம் செய்துகொள்ளவில்லை. துறைமுகக் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள வரிசையில் கடைசி வீட்டில் தனியாக வசித்து வருகிறேன்.

நான் துறைமுக சமிக்ஞை அறையில் வேலை பார்க்கிறேன். அது படகுத்துறைக்கு எதிரே உள்ள கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. வானிலை அலுவலகம் அனுப்பும் புயல் செய்தியை வாங்குவதும், அதற்கான எச்சரிக்கைக் கூண்டைக் கம்பத்தில் ஏற்றுவதும், கடலில் இருக்கும் படகுகளுக்கு வயர்லெஸ்ஸிலும் கரையில் இருப்பவர்களுக்கு ஒலிபெருக்கியிலும் எச்சரிக்கையை வாசிப்பதும் என் வேலை. கூண்டு என்பது பிரம்புக் கூடை மாதிரியான கறுப்பு உருவம். கயிற்றை இழுத்து மேலே ஏற்றினால் தூரத்திலிருந்தே தெரியும். எந்தக் கூண்டு, எத்தனை கூண்டு என்பதைப் பார்த்து, கடலுக்குப் போகலாமா கூடாதா என்று முடிவு செய்வார்கள். அந்தக் கயிற்றை இழுத்து இழுத்து என் உள்ளங்கை காய்த்திருப்பதை ஆய்வாளர் பார்த்தார்.

இறந்துபோன முதலாளி மூன்று விசைப்படகுகளுக்கும் ஏலக்கூடத்துக்கும் சொந்தக்காரர். என் தம்பி அவருடைய பெரிய படகில் டிரைவராக இருந்தான். மூன்று வருடத்துக்கு முன்பு வந்த புயலில் அந்தப் படகு மூழ்கி, தம்பியும் அவனோடு போனவர்களும் இறந்தார்கள். அன்று காலையில் எல்லாப் படகுகளும் உடனே கரைக்குத் திரும்ப வேண்டும் என்று நான் வயர்லெஸ்ஸில் சொன்னேன். தம்பி பதில் சொன்னான். வலையை வாரிக்கொண்டு திரும்புவதாகச் சொன்னான். அதன்பிறகு முதலாளி ஏலக்கூடத்தில் இருந்த தன் வயர்லெஸ்ஸில் குறுக்கே வந்து, இன்னும் ஒரு இழுப்பு வலை இழுத்துவிட்டு வரும்படி அவனுக்கு உத்தரவு போட்டார். இதை என் காதால் கேட்டேன். நான் மறுபடி கூப்பிட்டேன். தம்பி, "முதலாளி திட்டுறாருக்கா, ஒரே ஒரு இழுப்புதான்" என்று சொன்னான். அதற்குப் பிறகு நான் எவ்வளவு கத்தியும் அந்தப் பக்கத்திலிருந்து இரைச்சல் மட்டுமே வந்தது.

அதன்பிறகு நடந்த விசாரணையில், சமிக்ஞை அறையிலிருந்து எச்சரிக்கையே வரவில்லை என்றும், பணியில் இருந்த பெண் தூங்கியிருக்க வேண்டும் என்றும் முதலாளி சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் என்று நான் சொன்னேன். அன்று கடலில் இருந்த மற்ற டிரைவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எல்லோரும் அவருடைய ஏலக்கூடத்தில் மீன் போடுகிறவர்கள். ஒருவர் எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை என்றார், ஒருவர் வயர்லெஸ் செட் பழுது என்றார், ஒருவர் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பிறகு, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதித் திரும்பச் சேர்த்தார்கள். குற்றம் செய்யவில்லை என்று எழுதித் தரும்படி கேட்டேன், தரவில்லை. தம்பி சாவுக்குக் காரணம் என்ற இடத்தில் இயற்கைச் சீற்றம் என்று எழுதியிருந்தது.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், அது என் வீட்டிலேயே நடந்தது. தம்பி மனைவி முதலாளி சொன்னதை நம்பினாள். எனக்குப் பக்கத்து வரிசையில்தான் இருக்கிறாள். குழாயடியில் என்னைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். தம்பி மகள் கையை நான் பிடித்தபோது, "தூங்குமூஞ்சி அத்தைகிட்டப் போகாதே" என்று இழுத்துக்கொண்டு போனாள். அவள் மீது எனக்குக் கோபம் இல்லை. கோபம் முழுவதும் முதலாளி மீது மட்டுமே இருந்தது. அவருடைய அழிவைப் பார்க்காமல் நான் சாகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இதை ஆய்வாளர் எழுதத் தயங்கினார். எழுதச் சொன்னேன்.

முதலாளி அதோடு விடவில்லை. என்னை மறுபடி மாட்டிவிட வேண்டும் என்று துறைமுக அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தார். அதன்படி சமிக்ஞை அறையில் ஒரு பதிவுப் பெட்டி வைத்தார்கள். மைக்கில் பேசுவதும், மைக் அணைந்திருக்கும்போது அறைக்குள் பேசுவதும் எல்லாம் அதில் பதிவாகும். பணியில் இருக்கும் ஆளைத் தவிர வேறு யாரும் மைக்கைத் தொடக் கூடாது என்றும், அலுவலகம் கொடுத்த வாசகத்தைத் தவிர வேறு ஒரு சொல்லும் பேசக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. இவை மூன்றும் முதலாளியே கேட்டு வாங்கியவை என்பதை ஆய்வாளர் தயவுசெய்து தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான் சொல்வது எல்லாம் பொய் என்று ஒருமுறை சொல்லிவிட்டதால், அதன்பிறகு நான் சொல்வதைக் கேட்டு நடந்தால் தன் பேச்சு பொய்யாகிவிடும் என்று முதலாளி நினைத்தார். அதனால் நான் கூண்டு ஏற்றும்போதெல்லாம் ஏலக்கூடத்து வாசலில் நாற்காலியைத் திறந்தவெளியில் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்வார். "கூண்டக்கா ஏத்திட்டாளா, அப்ப வெயில் நல்லா அடிக்கும், துணி காயப் போடுங்க" என்று சத்தமாகச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனாலும் அவர் படகுகளில் போகிறவர்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள். அவருடைய வீம்புக்கு அவர்கள் சாக வேண்டியதில்லை என்பதால் நான் ஒரு வழி செய்தேன். எச்சரிக்கை வந்ததும் பக்கத்தில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கும் அண்ணனிடம் போய்ச் சொல்வேன். அவர் முதலாளிக்கு போன் போட்டு, ரேடியோவில் கேட்டதாகச் சொல்வார். முதலாளி போனை வைத்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டு வெளியே வந்து, "முழங்கால் குடையுது, காத்து வரப்போகுது, படகைத் திரும்பச் சொல்லுங்க" என்பார்.

இப்படியே முதலாளியின் முழங்கால் துறைமுகம் முழுக்கப் பிரபலமாகிவிட்டது. வானிலை அலுவலகம் தப்பினாலும் முழங்கால் தப்பாது என்று பேசிக்கொண்டார்கள். வெளியூர்ப் படகுக்காரர்கள்கூட வந்து, "முழங்கால் என்ன சொல்லுதுங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நான் வெயிலில் நின்று கயிறு இழுத்து ஏற்றிய கூண்டின் நல்ல பேர் எல்லாம் அவருடைய இடது முழங்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஐஸ் ஃபேக்டரி அண்ணனுக்குச் சிரிப்பு வரும், என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொள்வார். சொல்லிச் சொல்லி, கடைசியில் முதலாளிக்கே தன் முழங்கால் மீது நம்பிக்கை வந்துவிட்டது என்று நான் கவனித்தேன். போன் வந்ததை மறந்துவிட்டு, வலித்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார். இதைக் கவனித்த பிறகும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பிறகு இந்தப் புயல் வந்தது. முதல் செய்தி வந்தவுடனே வழக்கம்போல அண்ணன் மூலம் சொல்லி அனுப்பினேன், முழங்கால் குடைந்தது, முதலாளியின் படகுகள் மற்ற எல்லாப் படகுகளுக்கும் முன்னால் கரைக்கு வந்து சேர்ந்தன. ஆட்கள் எல்லோரும் படகுத்துறைக்கு அருகில் உள்ள புயல் காப்பகத்துக்குப் போய்விட்டார்கள். ஒருவரும் கடலில் இல்லை என்பதை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டும், நேரில் போய்ப் பார்த்தும் உறுதி செய்துகொண்டேன். தம்பி மனைவியும் மகளும் காப்பகத்தில் ஜன்னலோரத்தில் பாய் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புயலின் நடுப்பகுதி எங்கள் துறைமுகத்துக்கு நேர் மேலே கடக்கும் என்று வானிலை அலுவலகத்திலிருந்து கடைசியாக வந்த செய்தியில் இருந்தது. ஆய்வாளர் கேட்டதால் இதை விளக்கிச் சொல்கிறேன். புயலுக்கு நடுவில் கண் என்று ஒன்று உண்டு. அது தலைக்கு மேல் வரும்போது காற்று சட்டென்று நின்றுவிடும், மழை விட்டுவிடும், வெயில்கூட அடிக்கும். புயல் போய்விட்டது என்று விவரம் தெரியாதவர்கள் வெளியே வருவார்கள். கண் நகர்ந்ததும், அதுவரை அடித்த திசைக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் மறுபடி அடிக்கும். எங்கள் படகுத்துறையில் முதலில் வடக்கிலிருந்து அடித்தது. படகுகள் எல்லாம் படகுத்துறை மேடையின் தெற்குப் பக்கத்தில், காற்றுக்கு மறைவாகக் கட்டப்பட்டிருந்தன. காற்று தெற்கிலிருந்து திரும்பினால் அந்தப் பக்கம் நிற்கும் எதுவும் மேடையில் மோதி நசுங்கும். இது எனக்குத் தெரியும்.

இதை ஐஸ் ஃபேக்டரி அண்ணனிடம் நான் தனியாகச் சொல்லவில்லை. முதலாளிக்கு போன் போடச் சொல்லவும் இல்லை. போன் அப்போது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கூரைத் தகரம் பறந்துவிட்டதால் அண்ணன் ஃபேக்டரியை மூடிவிட்டு, சமிக்ஞை அறைக்கு வந்து என் மேசைக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தோம், படகுத்துறைப் பக்கம் ஒரு பலகையை மட்டும் பார்ப்பதற்காகத் திறந்து வைத்திருந்தேன். கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கிகளில் ஒன்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது. காப்பகத்தையும் படகுத்துறையையும் பார்த்து இருந்த மற்றொன்று பேட்டரியில் நன்றாக வேலை செய்தது.

மத்தியானம் காற்று நின்றது. அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்தது நின்றதும் காதுக்குள் ரீங்காரம் மட்டும் கேட்டது. மேகம் விலகி வெயில் விழுந்தது. காற்றழுத்தமானியைப் பார்த்தேன், முள் அடியிலேயே கிடந்தது, ஏறவில்லை. அதனால் இது புயலின் கண்தான் என்று தெரிந்துகொண்டேன். அந்தச் சமயத்தில் காப்பகத்தின் கதவைத் திறந்துகொண்டு முதலாளி வெளியே வந்தார்.

அவர் ஏன் வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் துறைமுகத்தில் முதல் கயிறு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. புயல் முடிந்ததும் எந்தப் படகின் கயிறு முதலில் அவிழ்கிறதோ அந்தப் படகுக்குத்தான் முதல் ஐஸ், முதல் டீசல், முதல் ஏலம். புயலுக்குப் பிறகு மீனுக்குப் பஞ்சம் என்பதால் அந்த முதல் படகுக்காரர் வைத்ததுதான் விலை. முதலாளி எந்தப் புயலிலும் முதல் கயிற்றை விட்டுக்கொடுத்தது கிடையாது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று இருப்பவர். காப்பகத்தில் அவர், "முழங்கால்ல வலி சுத்தமா விட்டுப்போச்சு, புயல் கடந்துருச்சு, எந்திரிங்கடா" என்று தன் ஆட்களைக் கூப்பிட்டதாகவும், ஒருவரும் எழுந்திருக்கவில்லை என்றும், "கூண்டு இன்னும் இறங்கலையே முதலாளி" என்று ஒருவர் சொன்னதாகவும், அதற்கு அவர், "அந்தத் தூங்குமூஞ்சி இறக்குற வரைக்கும் பொம்பளைங்க மாதிரி உக்காந்திருந்தா உங்களுக்கு வளைகாப்புதான் நடத்தணும்" என்று திட்டிவிட்டுத் தனியாகக் கிளம்பியதாகவும் பிறகு தெரிந்துகொண்டேன். அவருடைய ஆட்கள் இத்தனை நாளும் அவருக்கு எதிரில் சிரித்துவிட்டு, கூண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் படகுத்துறைக்குப் போகும் பாதையில் ஏறியதும் நான் மைக்கை எடுத்து, அலுவலகம் கொடுத்த வாசகத்தை வாசித்தேன். வாசகம் பின்வருமாறு. "துறைமுகப் பயனாளர்கள் கவனத்திற்கு. புயலின் மையப்பகுதி தற்போது துறைமுகத்தின் மீது உள்ளது. காற்று எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். படகுத்துறைக்குச் செல்ல வேண்டாம். பாதுகாப்பான இடத்தில் இருக்கவும்." ஒரு சொல் விடாமல், நிறுத்தி நிறுத்தி, மறுபடியும் ஒருமுறை வாசித்தேன். என் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. அவர் என் ஜன்னலைப் பார்த்து, ஈ ஓட்டுகிற மாதிரி கையை வீசிவிட்டு நடந்தார். அவர் அப்படித்தான் செய்வார் என்று எனக்குத் தெரியும். என் குரலில் வந்தால் கேட்க மாட்டார் என்று தெரிந்துதான் என் குரலில் வாசித்தேன்.

ஐஸ் ஃபேக்டரி அண்ணன் எழுந்து ஜன்னலுக்கு வந்து பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "தங்கச்சி, மைக்கை இப்படிக் குடு. நான் ஒரு வார்த்தை சொல்றேன். ஐஸ் தரமாட்டேன்னு சொன்னாப் போதும், மனுஷன் திரும்பிடுவான்" என்றார். பணியில் இருக்கும் ஆளைத் தவிர யாரும் மைக்கைத் தொடக் கூடாது என்ற உத்தரவைச் சுவரில் காட்டினேன். "யாரு கேட்டு வாங்குன உத்தரவு அது?" என்று அவரிடம் கேட்டேன். அவர், "பழி வாங்குற நேரமா தங்கச்சி இது?" என்றார். இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை என்று சொன்னேன். அவர் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கவில்லை. ஜன்னலிலிருந்து கைகளை வாயருகே குவித்துக் கூப்பிட்டார், அந்தத் தூரத்துக்குக் கேட்கவில்லை. அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை.

அப்போது காப்பகத்தின் கதவு மறுபடி திறந்தது. தம்பி மனைவி வெளியே வந்தாள். அவளுடைய ஆடு குட்டி போட்டிருந்தது, அதைப் படகுத்துறைக்குப் பக்கத்தில் உள்ள வலைக் கொட்டகையில் கட்டியிருந்தாள். முதலாளி போவதைப் பார்த்து, அவர் முழங்காலை நம்பி அவளும் கிளம்பிவிட்டாள். அவளைப் பார்த்ததும் மைக்கை மறுபடி போட்டேன். என்ன சொன்னேன் என்று எனக்கு முழுதாக நினைவில்லை, பதிவுப் பெட்டியில் இருப்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளவும். "அடியே, போகாதடி! உன் காலப் புடிக்கிறேன், உள்ள போடி! ஆடு போனாப் போகுது, உன் பொண்ணு உள்ள நிக்குறாடி! இது நடுவுல விட்ட காத்துடி, இப்பத் திரும்ப வரும், என் தம்பிமேல சத்தியம், ஓடு, ஓடு உள்ள!" என்று கத்தியிருக்கிறேன். அவள் அப்படியே நின்றாள். என் ஜன்னலைப் பார்த்தாள். அதன்பிறகு திரும்பிக் காப்பகத்துக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள்.

இந்தச் சத்தத்தில் முதலாளியும் நின்றுவிட்டார். அவர் அப்போது மேடையின் பாதித் தூரம் போயிருந்தார், படகுக்கு இன்னும் போகவில்லை. திரும்பி காப்பகத்துக் கதவைப் பார்த்தார். அதன்பிறகு அண்ணாந்து என் ஜன்னலைப் பார்த்தார். கையை வீசவில்லை. முழங்காலில் கை வைத்துக்கொண்டு, என்ன என்று கேட்கிறவர் மாதிரி நின்றார். மைக் என் கையில் இருந்தது, அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன்பிறகு நான் மைக்கை அணைத்துவிட்டேன்.

அவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, படகை நோக்கி நடந்து, அதில் இறங்கி, கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினார். காற்று தெற்கிலிருந்து வந்தது. கடல் மேடைக்கு மேல் ஏறியது. படகு தூக்கி மேடையில் அடிக்கப்பட்டதை நான் பார்த்தேன். அதன்பிறகு பலகையை மூடிவிட்டேன். மறுநாள் காலையில் கூண்டை இறக்கிய பிறகு, படகுக்கும் மேடைக்கும் இடையில் அவர் உடலை எடுத்தார்கள். அவிழ்த்த கயிறு கையில் சுற்றியிருந்தது. அது முதல் கயிறுதான் என்று யாரோ சொன்னார்கள், யாரும் சிரிக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் தம்பி மனைவி என் வீட்டு வாசலுக்கு வந்தாள். மூன்று வருடத்தில் முதல்முறை. உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. படியில் நின்றுகொண்டே, "அன்னிக்கு அவரையும் இப்படித்தான் கூப்பிட்டீங்களா அண்ணி?" என்று கேட்டாள். இதைவிடச் சத்தமாகக் கூப்பிட்டேன் என்று சொன்னேன். அவள் படியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருட்டும் வரைக்கும் அங்கேயே இருந்தோம்.

அதன்பிறகு முதலாளியின் மகன், சமிக்ஞை அறையிலிருந்து எச்சரிக்கை வராததால்தான் தன் தகப்பனார் இறந்தார் என்று புகார் கொடுத்தார். காப்பகத்தில் தூங்கிக்கொண்டிருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியாது, யாரோ சொல்லிக்கொடுத்ததை எழுதியிருக்கிறார். நேற்று துறைமுக அலுவலகத்தில் எல்லோரையும் வைத்து, பதிவுப் பெட்டியைப் போட்டுக் காட்டினார்கள். நான் வாசித்த எச்சரிக்கை ஒரு சொல் விடாமல் வந்தது. அதோடு பெட்டியை நிறுத்திவிட்டு, பணியாளர் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று மேலதிகாரி சொன்னார். மற்ற படகு முதலாளிகள் தலையை ஆட்டினார்கள். இப்போது இவ்வளவு தெளிவாக வாசிக்கிறவர் மூன்று வருடத்துக்கு முன்பும் வாசித்துத்தான் இருப்பார் என்று ஒருவர் சொன்னார். மகன் எழுந்து நின்று, அப்பா விதி அவ்வளவுதான், கடலைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது, புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டார். காரணம் இயற்கைச் சீற்றம் என்று எழுதிக்கொள்ளலாம் என்று மேலதிகாரி சொன்னார்.

நான் எழுந்து, பெட்டியை மீதியும் ஓட்டச் சொன்னேன். மேலதிகாரி, "எதுக்கும்மா? ஒழுங்கா முடிஞ்ச விஷயத்தை ஏன் கிளறுறீங்க?" என்று கேட்டார். மீதியில் விதிக்குப் புறம்பாக நான் கத்தியது இருக்கிறது, அதற்கு அலுவலகம் எனக்கு ஏற்கெனவே மெமோ கொடுத்திருக்கிறது. அந்த மெமோவுக்குப் பதில் எழுத வேண்டுமானால் எல்லோரும் கேட்கட்டும் என்றேன். ஓட்டினார்கள். ஐஸ் ஃபேக்டரி அண்ணன் மைக்கைக் கேட்டது வந்தது. நான் மறுத்தது வந்தது. தம்பி மனைவியை நான் கூப்பிட்டது வந்தது. அதன்பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் வெறும் கடல் சத்தம். அதன்பிறகு மைக் அணைந்த சத்தம்.

ஐஸ் ஃபேக்டரி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளியின் மகன்தான் முதலில் வாயைத் திறந்தார். "உங்க தம்பி சம்சாரத்தைக் கூப்பிட்ட மாதிரி எங்கப்பாவை ஏன் கூப்பிடல?" என்று கேட்டார். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. எனக்கு அப்படிக் கேட்க மூன்று வருடமாக யாரும் இடம் கொடுக்கவில்லை. நான் பதில் சொல்வதற்குள், இங்கே எதுவும் சொல்ல வேண்டாம், வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள் என்று மேலதிகாரி தடுத்து, கூட்டத்தைக் கலைத்துவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே இன்று நானாக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, யாரும் பயமுறுத்தவில்லை.

எச்சரிக்கை கொடுத்தேன் என்று மட்டும் சொன்னால் போதும், சட்டப்படி தவறு இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று ஆய்வாளர் இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். அவர் நல்ல மனுஷர். ஆனால் அப்படிச் சொன்னால் முதலாளியைக் கொன்றது கடல் என்று ஆகிவிடும். என் தம்பியையும் கடல்தான் கொன்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு சாவையும் கடல் தலையில் கட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆகவே முதலாளியின் மகனுக்கு என் பதில் பின்வருமாறு. உங்கள் அப்பாவை எச்சரித்தேன். அவர் கேட்க மாட்டார் என்று தெரிந்த குரலில் எச்சரித்தேன். பிறகு அவர் திரும்பிப் பார்த்தார், பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். அவர் வந்துவிடக் கூடாது என்று நினைத்து மைக்கை அணைத்தேன்.

நடந்ததற்கு வருந்துகிறேன் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தால் நீதிமன்றத்தில் உதவியாக இருக்கும் என்று ஆய்வாளர் சொன்னார். நான் சொல்லாததை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எழுதியதை எனக்கு முழுதும் வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
சமிக்ஞை அறைப் பணியாளர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. வருத்தம் தெரிவிக்கும் வரி வாக்குமூலம் கொடுத்தவரின் விருப்பப்படி சேர்க்கப்படவில்லை.
(ஒப்பம்)
ஆய்வாளர், துறைமுகக் காவல் நிலையம்